நான்காவது கேள்வி

அச்சுக்காரர் மேல் பூட்டக்கா வைத்திருந்த கோபத்துக்கு அந்த மாதத்தோடு மூன்று வருடம் முடிந்திருந்தது. அவளுக்கு மற்ற கோபங்கள் ஒரு வாரத்தில் ஆறிவிடும். இதை அவள் ஆறவிடவில்லை. மறந்துவிடுவோமோ என்று பயம் வரும்போதெல்லாம் பழைய மடலைத் திறந்து அந்த ஒரு வரியைப் படித்துக்கொள்வாள். படித்ததும் காதோரம் சூடாகும். சரி, இன்னும் இருக்கிறது என்று நிம்மதியாக வேலையைப் பார்க்கப் போவாள்.

நகர நூலகத் துறையில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது அவளுடைய வேலை. நூற்று நாற்பது கிளைகள். எல்லாவற்றிலும் ஓடியது ஒரே திறந்த மென்பொருள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். பல ஊர்களில் இருந்துகொண்டு ஒரு நூறு பேர் சம்பளமில்லாமல் சேர்ந்து ஆக்குவது அது. அவளும் அந்தக் குழுவில் ஒருத்தி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு வெளிவரும். வெளியீட்டுக்கு ஒரு மாதம் முன்னால் 'பூட்டு நாள்'. அன்றைக்குப் பிறகு எந்தப் பாகத்தையும் புதுசாக மாற்றக்கூடாது. தாமதமாக வருகிறவர் வாசலில் நின்று கேட்க வேண்டும். உள்ளே விடுவதா வேண்டாமா என்று சோதித்துச் சொல்கிறவள் அவள். அதனால்தான் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் பூட்டக்கா.

அச்சுக்காரர், அச்சிடும் பாகத்துக்குப் பொறுப்பானவர். இதே நகரத்துக்காரர்தான். நல்ல குரல், நல்ல சிரிப்பு. மாநாடு என்றால் மேடையில் முதலில் ஏறுவது அவராகத்தான் இருக்கும். மூன்று வருடத்துக்கு முன், வெளியீட்டுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது தன் பாகத்தின் புதிய வடிவத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"பழைய கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாத்தீங்களா அண்ணே?" என்று கேட்டாள்.

"பன்னிரண்டுல ஓட்டியாச்சும்மா. லாக் அனுப்பியிருக்கேன் பாரு. அண்ணன் சொன்னா நம்ப மாட்டியா?"

முடிவு சொல்ல அவளுக்கு இரண்டு நாள்தான் கையில் இருந்தது. அவள் மூன்று கணினிகளில் ஓட்டிப் பார்த்தாள், ஓடியது. மிச்சத்துக்கு அவர் அனுப்பிய சோதனைப் பதிவை நம்பி, சரி என்று எழுதிவிட்டாள்.

வெளியீடு ஆன மறுநாள் காலை கிளைகளிலிருந்து தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. பழைய அச்சுப்பொறி இருந்த இடத்திலெல்லாம் அச்சாகாத பக்கங்கள் உள்ளுக்குள் குவிந்து, இடமில்லாமல் கணினியே எழுந்திருக்கவில்லை. தேர்வுக் காலம் வேறு. நுழைவுச் சீட்டை அச்செடுக்க வந்த பிள்ளைகள் வாசல்வரை வரிசையில் நின்று அழுதார்கள். அவளும் இன்னும் இரண்டு பேரும் ஆறு நாள் ஒவ்வொரு கிளையாக ஏறி இறங்கிச் சரிசெய்தார்கள். அந்த ஆறு நாளில் அச்சுக்காரர் செய்தது ஒன்றே ஒன்று. குழுவின் பொது மடலில் எழுதினார்: "என் பக்கத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது. சோதித்தவர்கள் இன்னும் கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாம்."

நூலகத் தலைவர் அந்த வரியை அச்செடுத்து அவள் மேசையில் கொண்டுவந்து வைத்தார். திட்டவில்லை. "இப்போதைக்கு நீங்க பின்பக்க ரூம்ல இருங்க" என்றார். பின்பக்க அறை என்பது புத்தகங்களுக்கு முதுகுச்சீட்டு ஒட்டும் அறை. ஒரு நீள மேசை, ஒரு பசை டப்பா, கம்பிபோட்ட ஒரு ஜன்னல். பதினாறு வருடம் இயந்திரங்களைக் கட்டி மேய்த்தவள் அங்கே உட்கார்ந்து எண் ஒட்டினாள். 'இப்போதைக்கு' என்பது மூன்று வருடமாக நீண்டது.

முதல் வாரத்திலேயே, சாப்பாட்டு நேரத்தில், அச்சுக்காரர் அனுப்பிய பழைய பதிவைத் திறந்து வரிவரியாகப் பார்த்தாள். ஒவ்வொரு கணினியும் எழுந்து முதல் பக்கம் அச்சாகி வர எவ்வளவு நேரம் என்று அதில் இருந்தது. நாற்பத்தொன்று புள்ளி இரண்டு ஏழு வினாடி. முப்பத்தெட்டு புள்ளி ஆறு நான்கு. ஐம்பத்தேழு புள்ளி சுழியம் ஒன்பது. நான்காவது கணினிக்கு மறுபடி நாற்பத்தொன்று புள்ளி இரண்டு ஏழு. அவள் கையிலிருந்த சோற்றுக் கரண்டி அப்படியே நின்றது. மூன்று எண்கள், நான்கு முறை, அதே வரிசையில். அந்த மனிதர் மூன்று கணினிகளில் மட்டும் ஓட்டிவிட்டு, மிச்ச ஒன்பதையும் நகலெடுத்து ஒட்டியிருக்கிறார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். யார் குறுக்கே வந்தாலும் ஒலிப்பானைக்கூட அழுத்தாத சுபாவம். "விட்டுத் தொலையேன். இப்பப் போய்ச் சொன்னா, தப்பிக்கறதுக்காகச் சொல்றான்னுதான் நினைப்பாங்க" என்றார்.

நாத்தனார் அப்படிச் சொல்லவில்லை. வீட்டுக்காரருக்கு அக்கா, நீதிமன்றத்தில் முப்பது வருடம் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், இரண்டு தெரு தள்ளி இருந்தாள். நாத்தனார் என்றாலே வில்லி என்று ஊரில் பேச்சு. இவர்களுக்குள் அந்த வழக்கமே இல்லை. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு எதிரி கிடைத்ததும் இன்னும் நெருங்கிவிட்டார்கள்.

"தம்பி சொன்னது பாதி சரிதான். இப்பச் சொன்னா எடுபடாது" என்றாள் நாத்தனார். "ஆனா விடாதே. அந்தாளு மறுபடி வருவானா?"

"வருவாரு அண்ணி. பதினொரு ரிலீஸ்ல ஒன்பதுக்கு லேட்டா வந்திருக்காரு. எண்ணிப் பாத்துட்டேன்."

"அப்போ இரு. வாசல்லயே இரு."

வாசலில் இருப்பதற்கு முதலில் வாசல் வேண்டும். அது இப்போது அவள் கையில் இல்லை. அந்தத் தவறுக்குப் பிறகு, பூட்டு நாளைப் பார்த்துக்கொள்ளும் அட்டவணைப் பொறுப்பு வேறொருவரிடம் போயிருந்தது. பூட்டக்கா என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது, சிலர் அதைக் கொஞ்சம் நக்கலாகவே சொன்னார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அடிமட்ட வேலைகளை எடுத்தாள். யாரும் தொடாத பாகங்களைச் சோதித்தாள். மற்றவர்கள் கோபித்துக்கொண்டு கிளம்பிய இடங்களில் பொறுமையாக அறிக்கை எழுதினாள். இரண்டு வருடத்தில் அவள் அனுப்பிய சோதனைகளின் எண்ணிக்கை மற்ற நான்கு பேருடையதைச் சேர்த்தாலும் கூட இருந்தது. எல்லோரும் அதைச் சேவை மனப்பான்மை என்றார்கள். அவள் மறுக்கவில்லை. அட்டவணைக்காரர் வேறு வேலைக்குப் போகிறேன் என்றதும், அடுத்து யார் என்று கேட்கக்கூட அவசியமில்லாமல் போயிற்று.

பொறுப்புக்கு வந்த முதல் வாரத்திலேயே புதிய விதியொன்று போட்டாள். பூட்டு நாளுக்குப் பிறகு வருகிறவர்கள் இனி வாய்ச்சொல்லாகக் கேட்க முடியாது. ஐந்து கேள்விகள் கொண்ட படிவத்தை நிரப்ப வேண்டும். எந்தப் பாகம், ஏன் இந்தப் பதிப்பிலேயே வேண்டும், எந்தெந்தக் கணினிகளில் சோதித்தீர்கள் என்று முதல் மூன்று. ஐந்தாவது, கெட்டுப்போனால் பழைய வடிவத்துக்கு எப்படித் திரும்புவது என்பது. நான்காவது கேள்வி இது: "இதற்கு முன் இந்தப் பாகம் தாமதமாக வந்து ஏதாவது கெட்டதுண்டா? காரணம் என்ன? அப்போதைய சோதனைப் பதிவை இணைக்கவும்."

குழுவே பாராட்டியது. எவ்வளவு ஒழுங்கு, எவ்வளவு தெளிவு என்று மடல்கள் வந்தன. அது ஒரே ஒருவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை என்று அவளுக்கும் நாத்தனாருக்கும் மட்டும்தான் தெரியும். நான்காவது கேள்வியின் வாசகத்தை நாத்தனார்தான் மூன்று முறை திருத்தினாள்.

ஆனால் வந்த முதல் வெளியீட்டில் அச்சுக்காரர் பூட்டு நாளுக்கு எட்டு நாள் முன்னாலேயே தன் வேலையை முடித்து அனுப்பிவிட்டார். பூட்டக்காவுக்கு வயிறு எரிந்தது.

"அடப்பாவி, திருந்திட்டானா?" என்றாள் நாத்தனார்.

"அப்படித்தான் தெரியுது. எனக்கு அழுகையா வருது அண்ணி."

அடுத்த ஆறு மாதத்தைக் கவலையோடு கழித்தாள். இரண்டாவது வெளியீட்டுக்குப் பூட்டு நாள் வந்தது, போனது. அச்சுக்காரரிடமிருந்து ஒன்றும் இல்லை. வெளியீட்டுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தபோது, முதுகுச்சீட்டு அறையின் வாசலில் ஒரு சிரிப்பு வந்து நின்றது.

"என்னம்மா, இங்கயா உட்கார வெச்சிருக்காங்க உன்னை?" என்று அறையைச் சுற்றிப் பார்த்தார். நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். அவருக்கு அது தெரியவே தெரியாது என்பது அவளை இன்னும் எரித்தது.

"உட்காருங்க அண்ணே."

விஷயத்தைச் சொன்னார். அச்சிடும் பாகத்தில் ஓட்டை ஒன்று கண்டுபிடித்திருக்கிறார். அடுத்தவர் அச்செடுக்கும் தாள்களை வெளியாள் படித்துவிட முடியும். புதிய வடிவத்தில் அடைத்துவிட்டார். இந்தப் பதிப்பிலேயே போயாக வேண்டும்.

"அந்தப் படிவம் எல்லாம் நமக்குள்ள எதுக்கு? ஒரு சரி போட்டுடேன்."

"நமக்குள்ளங்கறதாலதான் அண்ணே எழுத்துல இருக்கணும்."

அவர் சிரித்துக்கொண்டே அங்கேயே மடிக்கணினியைத் திறந்து நிரப்பினார். நான்காவது கேள்விக்கு வந்ததும் விரல் நிற்கவேயில்லை. பழைய வரியை அப்படியே அடித்தார்: சோதனையில் கவனக்குறைவு. பழைய பதிவைத் தேடி எடுத்து இணைத்தார், அதைத் திறந்துகூடப் பார்க்காமல். பசை டப்பாவை மூடிக்கொண்டே அவள் அதைப் பார்த்தாள்.

"நாலாவதுக்கு இதுதான் பதிலா அண்ணே? மாத்தணும்னா மாத்தலாம்."

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேம்மா. உன்னை நோகடிக்கறதுக்காக எழுதலே. தப்பா எடுத்துக்காதே."

மறுநாள் எழுத்திலும் ஒருமுறை கேட்டாள். நாத்தனாரின் யோசனை அது. "மாற்றமில்லை" என்று பதில் வந்தது, கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை.

இப்போது அவள் முன்னால் சுலபமான ஒரு வழி இருந்தது. 'அடுத்த பதிப்பில் பார்க்கலாம்' என்று எழுதினால் போதும். விதிப்படி யாரும் கேட்க முடியாது. அவர் கெஞ்சுவார், மாநாட்டு மேடையில் சொல்ல ஒன்றுமில்லாமல் நிற்பார். ஒரு நாள் முழுக்க அந்த நினைப்பை வாயில் மிட்டாய் மாதிரி போட்டுச் சப்பிக்கொண்டிருந்தாள். ஆனால் ஓட்டை நிஜம். அச்செடுக்க வருகிறவர்கள் அந்தப் பிள்ளைகள்தான். அதோடு, தள்ளிவிட்டால் நாளைக்கு அவள் எதைச் சொன்னாலும் பழைய பகை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். பழைய பகைதான். அது அவர்கள் வாயிலிருந்து வரக்கூடாது.

"உள்ள விட்டுடப் போறேன் அண்ணி. நியாயமா சோதிச்சு, சரியா இருந்தா விட்டுடப் போறேன். அப்புறம் மிச்சத்தை எழுதறேன்."

நாத்தனாருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "கேட்டதைக் குடுத்துட்டு அடிக்கப் போறே. பலே."

சனிக்கிழமை காலை நூலகத்தின் பயிற்சிக் கூடத்தில் சோதனை. தலைவரிடம் அனுமதி வாங்கி, கிளைகளிலிருந்து பன்னிரண்டு பழைய கணினிகளை வரவழைத்து வரிசையாக வைத்திருந்தாள்; சில மஞ்சள் படிந்திருந்தன, ஒன்று கதவிடுக்கில் மாட்டிய பூனை மாதிரி முனகியது. நேரம் குறிக்கக் குழுவிலிருந்து கணக்கு டீச்சர் ஒருவர் வந்திருந்தார். உண்மையிலேயே பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லித் தருகிறவர். அச்சுக்காரரும் வந்தார். விரும்புகிறவர்கள் பார்க்கும்படி கூடத்தின் படம் நேரலையில் போய்க்கொண்டிருந்தது.

பத்து கணினிகள் தடையில்லாமல் ஓடின. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு நேரம். பதினொன்றாவதில் பாதிப் பக்கம் வந்து நின்றுவிட்டது.

"கேபிள் பழசா இருக்கும்" என்றார் அச்சுக்காரர்.

அவள் புதிய கேபிளைப் பிரித்து மாட்டினாள். மறுபடி பாதிப் பக்கம்.

"பேப்பர் ஈரமோ?"

தாள் கட்டை மாற்றினாள். மறுபடி பாதிப் பக்கம். கணக்கு டீச்சர் குறித்துக்கொண்டார். அச்சுக்காரர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். அதை அவள் கண் இமைக்காமல் பார்த்தாள்.

ஒன்று சொல்ல வேண்டும். அவர் வேலை தெரிந்தவர். இரண்டு நாளில் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்திக் கொண்டுவந்தார்.

"அந்தப் பதினொண்ணாவதை மட்டும் ஓட்டினாப் போதாதா?"

"பன்னிரண்டும் ஓடும் அண்ணே."

பன்னிரண்டும் ஓடின. முழுப் பக்கம், பன்னிரண்டு தாள், பன்னிரண்டு வெவ்வேறு எண்.

அவளுடைய மடல் மறுநாள் காலை பதினொரு மணிக்குக் குழுவுக்குப் போனது. முதல் வரியிலேயே, அச்சிடும் பாகம் ஏற்கப்பட்டது, உழைத்தவருக்கு நன்றி என்று இருந்தது. அடுத்து, புதிய சோதனையின் பன்னிரண்டு நேரங்கள். அதற்குப் பக்கத்தில், நான்காவது கேள்விக்கு இணைப்பாக அவரே கொடுத்த பழைய பதிவின் பன்னிரண்டு நேரங்கள். அதன் கீழே அவர் எழுதிய பதில், இரண்டு முறை கேட்கப்பட்டு இரண்டு முறையும் மாற்றமில்லை என்று சொன்ன தேதிகளோடு. அவ்வளவுதான். முதலில் 'மோசடி' என்றொரு சொல் இருந்தது. நாத்தனார் அடித்துவிட்டாள். "அதைப் படிக்கறவங்க சொல்லணும். நீ சொல்லக் கூடாது."

கடைசியில் ஒரு பத்தியை மட்டும் நாத்தனார் எதிர்த்தும் அவள் விடவில்லை: "அன்று மற்ற ஒன்பது கணினிகளையும் நானே ஓட்டாமல் சரி என்று சொன்னது என் தவறு."

"எதிர்க்கட்சிக்கு நீயே சாட்சி சொல்றியா?"

"அதை அவரு சொல்றதுக்கு முன்னாடி நான் சொல்லிட்டா, அவரு கையில ஒண்ணும் இருக்காது அண்ணி."

இருபது நிமிடத்தில் கணக்கு டீச்சர் எழுதினார்: "மூன்று எண்கள் நான்கு முறை அதே வரிசையில் வருவது தற்செயல் என்று என் வகுப்பில் யாராவது சொன்னால், பெஞ்சு மேல் ஏற்றிவிடுவேன்." அதற்குப் பிறகு மடை திறந்தது. மூன்று வருடத்துக்கு முன் அச்சுக்காரருக்கு ஆமாம் போட்டவர்களே முதலில் பாய்ந்தார்கள்.

அவருடைய எண் அவள் கைப்பேசியில் பதினொரு முறை அடித்தது. அவள் எடுக்கவில்லை. அணைக்கவும் இல்லை. முதுகுச்சீட்டு மேசையில் முகம் மேலே தெரியும்படி வைத்து, அது துடிப்பதைப் பார்த்துக்கொண்டே சீட்டு ஒட்டினாள். அன்றைக்கு ஒட்டியதில் ஒன்றுகூடக் கோணவில்லை.

மாலையில் அவர் நேரமின்மை என்று எழுதினார். மறுநாள், நினைவில்லை என்றார். மூன்றாம் நாள் மன்னிப்பு வந்தது. "அன்றைய பதிவில் சில குழப்பங்கள் நேர்ந்திருக்கலாம். யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்."

அவள் அதற்கு ஒரே வரியில் பதில் போட்டாள்: "எத்தனை கணினிகளில் ஓட்டவில்லை? எண்ணிக்கையைச் சொல்லவும்."

ஒரு பகல் முழுக்கக் குழுவே காத்திருந்தது. பிறகு வந்தது: "ஒன்பது."

அந்தச் சொல்லைப் பார்த்தபோது அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தாள். ஒன்பதுதான்.

வெளியீடு குறித்த நாளில் வந்தது. ஒரு கிளையிலும் கோளாறு இல்லை. மாநாட்டு மேடைக்கு அச்சுக்காரரை யாரும் கூப்பிடவில்லை. அடுத்த மாதம் அச்சிடும் பாகத்தின் பொறுப்பை விட்டு விலகினார். கணக்கு டீச்சர் அதை எடுத்துக்கொண்டார். நூலகத் தலைவர் ஒருநாள் பின்பக்க அறைக்கு வந்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "நடந்ததை மறந்துடுங்க. நாளைலேர்ந்து பழைய ரூமுக்கு வந்துடுங்க" என்றார்.

"எழுத்துல குடுங்க சார்."

எழுத்தில் வந்தது. நிர்வாகக் காரணங்களுக்காக மாற்றம் என்று இருந்தது. அவள் அதைத் திருப்பிக் கொடுத்தாள். "எதுக்காக இங்க அனுப்பினீங்க, அது தப்புன்னு எப்போ தெரிஞ்சுது, ரெண்டு வரி சேருங்க சார்." அந்த இரண்டு வரிக்கு ஒன்பது நாள் ஆனது. ஒன்பது நாளும் பசை டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். வந்த பிறகுதான் எழுந்தாள்.

அதன்பிறகு அச்சுக்காரரை ஒரே ஒருமுறை பார்த்தாள், கண் மருத்துவமனையில், காத்திருக்கும் இடத்தில். இரண்டு பேர் கண்ணிலும் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள். எல்லாம் கலங்கலாகத் தெரிந்தாலும் குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாள். அவர் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்.

"என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாமேம்மா. நானே திருத்தியிருப்பேன்."

"ரெண்டு தடவை கேட்டேன் அண்ணே."

"மூணு வருஷம் இதுக்காகவா காத்திருந்தே?"

"ஆமா."

"இன்னும் கோபம் போகலையா?"

அவள் உள்ளே தேடிப் பார்த்தாள். பழி தீர்த்த பிறகு மனசு வெறிச்சென்று ஆகிவிடும் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். அவளும் அது வருமென்று சில வாரம் காத்திருந்தாள். வரவில்லை. நன்றாகத் தூங்கினாள், நன்றாகச் சாப்பிட்டாள், இரண்டு கிலோ எடைகூடக் கூடியிருந்தாள்.

"இல்லேண்ணே, போயிடுச்சு" என்றாள்.

செவிலி அவருடைய எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவர் சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போனார்.

மருந்து தெளிவதற்குள் அவள் நேராக நாத்தனார் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்ததுமே விஷயத்தைச் சொன்னாள். நாத்தனார் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்து, தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்தாள்.

"மூஞ்சி எப்படி இருந்தது?"

"சரியாத் தெரியலே அண்ணி, கண்ணுல மருந்து."

"சே! இந்த மாதிரி நேரத்துலயா மருந்து விட்டுக்குவே? குரலாவது?"

"குரல் கம்மியிருந்தது."

"எவ்வளவு கம்மியிருந்தது? அப்படியே சொல்லிக் காட்டு. முதல்லேர்ந்து சொல்லு, ஒண்ணையும் விடாதே."

பூட்டக்கா கால்களை மடக்கி நாற்காலியில் வசதியாக உட்கார்ந்துகொண்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.